எரிச்சல் எது, எச்சரிக்கை எது: சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு பிசிஜி சிகிச்சை பெற்ற ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

63 வயது ஆண். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் புகைபிடித்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் நிறுத்தியவர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். வேறு நோய் இல்லை. ஒரு நாள் வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போனது. மறுநாள் தெளிந்துவிட்டதால் வீட்டில்கூடச் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடி வந்தபோது ஒரு மருத்துவரிடம் காட்டினார். சிறுநீர்த் தொற்று என்று ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். இரத்தம் நின்றது. மருந்தால்தான் நின்றது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் பலருக்கு மாதங்கள் வீணாகின்றன. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இரத்தம் தானாக வரும், தானாக நிற்கும். இடையில் எந்த மாத்திரை கொடுத்தாலும் அதற்குத்தான் நல்ல பெயர் கிடைக்கும். புகைபிடித்த பழக்கமுள்ள, நடுத்தர வயதைத் தாண்டிய ஒருவருக்கு வலியில்லாமல் இரத்தம் போனால், ஒரே ஒரு முறை போயிருந்தாலும், சிறுநீர்ப்பைக்குள் பார்த்தே ஆக வேண்டும். இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகையிலையே காரணம். புகையிலுள்ள நச்சுகள் சிறுநீரகம் வழியாக வடிந்து, சிறுநீரோடு மணிக்கணக்கில் பையின் உள்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. புகையை நிறுத்தினால் ஆபத்து குறையும். ஆனால் அது சட்டென்று மறைந்துவிடாது.

மூன்றாம் முறை இரத்தம் கட்டிகட்டியாக வந்தபோது மகள் அவரை எங்களிடம் அழைத்து வந்தார்.

கண்டது

சிறுநீர்ப் பாதை வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி செய்தோம். பையின் இடது பக்கச் சுவரில் பாசி போல அசையும் ஒரு கட்டி, இரண்டரை சென்டிமீட்டர் அளவில் இருந்தது. அதன் அருகிலும் பின்சுவரிலும் சிவந்த திட்டுகள் தெரிந்தன. கட்டியைச் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்து, திட்டுகளிலிருந்தும் சிறு திசுத் துணுக்குகளை எடுத்துச் சோதனைக்கு (பயாப்சி) அனுப்பினோம்.

அறிக்கையில் மூன்று செய்திகள் இருந்தன. கட்டி உயர் தீவிரம் கொண்டது; உள்படலத்தைத் தாண்டி அதன் அடியிலுள்ள இணைப்புத் திசுவுக்குள் இறங்கியிருந்தது. இதை டி1 நிலை என்பார்கள். சிவந்த திட்டுகளில் கார்சினோமா இன் சிட்டு இருந்தது. இது மேலெழும்பாமல் படலத்தோடு படலமாகத் தட்டையாகப் பரவும் வகை. பார்க்கச் சாதுவாகத் தெரியும், ஆனால் குணத்தில் மூர்க்கமானது. மூன்றாவது செய்தி, வெட்டி எடுத்த திசுவில் தசை அடுக்கு இல்லை என்பது.

அந்த மூன்றாவது வரியை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தசை மாதிரியில் இல்லையென்றால் புற்று தசைக்குள் இறங்கியதா இல்லையா என்று சொல்லவே முடியாது. தசைக்குள் போயிருந்தால் பைக்குள் விடும் மருந்து போதாது, சிகிச்சையே வேறு. அதனால் ஐந்து வாரம் கழித்து அதே இடத்தை மறுபடி சுரண்டினோம். இம்முறை தசை கிடைத்தது, அதில் புற்று இல்லை. கார்சினோமா இன் சிட்டு மட்டும் பின்சுவரில் மிச்சமிருந்தது. சிறுநீரகம், சிறுநீர்க்குழாய்களுக்கான சிடி ஸ்கேனிலும் மார்பு எக்ஸ்ரேயிலும் கோளாறு எதுவும் இல்லை.

பையை எடுப்பதா, வைத்துப் பார்ப்பதா

டி1, உயர் தீவிரம், கூடவே கார்சினோமா இன் சிட்டு. இந்த மூன்றும் சேர்ந்தால், தசையைத் தொடாத புற்றுகளிலேயே மிக அதிக ஆபத்துள்ள பிரிவு. இப்படிப்பட்டவர்களிடம் தொடக்கத்திலேயே சிறுநீர்ப்பையை முழுதாக எடுக்கும் அறுவையைப் பற்றியும் பேச வேண்டும். பேசினோம். அதன் பலன், அதன் விலை, பிறகு வாழ்நாள் முழுதும் சிறுநீர் வேறு வழியாக வெளியேற வேண்டியிருப்பது, எல்லாவற்றையும் சொன்னோம்.

இன்னொரு வழி பிசிஜி: காசநோய்த் தடுப்பூசியில் உள்ள, வீரியம் இழந்த உயிருள்ள கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் விடும் சிகிச்சை. கார்சினோமா இன் சிட்டுவைச் சுரண்டி முடிக்க முடியாது; எது வரை பரவியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பையின் உள்சுவர் முழுவதையும் நனைத்து, முழுவதிலும் வேலை செய்யும் ஒன்று தேவை.

“பையை எடுக்காம பார்க்க முடியும்னா முதல்ல அதைப் பார்க்கலாம் டாக்டர்” என்றார் அவர். ஒப்புக்கொண்டோம், ஒரு நிபந்தனையோடு. போதிய அளவு பிசிஜி கொடுத்த பிறகும் உயர் தீவிரப் புற்று திரும்பினால், மேலும் மேலும் மருந்து விட்டுக் காலம் தள்ளாமல் அறுவைக்குப் போக வேண்டும். இதை முதல் நாளே பேசி, கோப்பிலும் எழுதி வைத்தோம். நோய் திரும்பிய பிறகு முதல் முறையாக அறுவையைப் பற்றிப் பேசினால், அதிர்ச்சியில் யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது.

அவருடைய மனைவி கேட்ட கேள்வி முக்கியமானது: “காசநோய்க் கிருமியையா உள்ள விடப் போறீங்க?”

பிசிஜி காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு. மாடுகளுக்குக் காசநோய் தரும் மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்ற கிருமியை, பிரான்சில் ஆல்பர் கால்மெட், கமீல் கெரான் இருவரும் 1908 முதல் 13 ஆண்டுகள் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் இழக்கச் செய்தார்கள். 1921இல் அது காசநோய்த் தடுப்பூசியாக முதன்முதலில் மனிதருக்குத் தரப்பட்டது. புற்றுநோயோடு அதற்கு என்ன தொடர்பு என்றால், 1929இல் அமெரிக்காவில் ரேமண்ட் பேர்ல் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைப் பார்த்தபோது, காசநோய் இருந்தவர்களிடம் புற்று குறைவாக இருப்பதைக் கவனித்தார். 1959இல் லாய்ட் ஓல்டும் அவருடைய குழுவினரும் பிசிஜி எலிகளில் கட்டிகளைத் தடுப்பதைக் காட்டினார்கள். 1976இல் கனடாவில் ஆல்வரோ மொராலஸ் ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் பிசிஜியை வாரம் ஒருமுறை ஆறு வாரம் விட்டு, கட்டி திரும்பி வருவது குறைந்ததை வெளியிட்டார். ஆறு வாரம் என்ற கணக்கு பெரிய ஆய்விலிருந்து வரவில்லை. அந்த மருந்து ஆறு குப்பிகளாக வந்தது. ஒவ்வொரு முறையும் வரும் தொல்லை ஒரு வாரத்துக்குள் அடங்கியது. அந்த ஆறு இன்றும் மாறவில்லை.

கிருமி உயிரோடுதான் இருக்கிறது, அதனால்தான் வேலை செய்கிறது, அதனால்தான் ஆபத்தும் உண்டு என்று அந்த அம்மாவிடம் நேராகவே சொன்னோம். அவர் கணவருக்கு நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் இல்லை, காசநோயும் இல்லை. ஆகவே கொடுக்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

பிசிஜி புற்றைத் தானே அழிக்கும் மருந்தாக நினைப்பவர்கள் அதிகம். அது முக்கியமாகச் செய்வது, நோய் எதிர்ப்பு மண்டலத்தை அந்த இடத்துக்கு வரவழைப்பது.

சுரண்டிய சுவரில் வெளித்தெரியும் ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தைப் பிசிஜி பற்றிக்கொள்கிறது. சுவரின் செல்களும் புற்றுச் செல்களும் அதை உள்ளே விழுங்குகின்றன. சுற்றியுள்ள திரவத்தை அதிகமாக விழுங்கும் குணம் சில புற்றுச் செல்களுக்கு உண்டு. அந்தக் குணமே கிருமியை அவற்றுக்குள் கொண்டுவருகிறது. கிருமி புகுந்த செல்கள் இன்டர்லூக்கின் 6, இன்டர்லூக்கின் 8 போன்ற சைட்டோகைன்களை, அதாவது எதிர்ப்புச் செல்களை அழைக்கும் சமிக்ஞைப் புரதங்களை, வெளிவிடுகின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் குவிகின்றன. பின்னால் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள், இயற்கைக் கொல்லி செல்கள், டி செல்கள் என மற்ற எதிர்ப்புச் செல்களும் வருகின்றன. உதவி டி செல்கள் காமா இன்டர்ஃபெரானைச் சுரந்து மற்றவற்றை முடுக்கிவிடுகின்றன. கொல்லும் டி செல்கள் புற்றுச் செல்களைத் தேடி அழிக்கின்றன. இதுவரை உடல் கண்டும் காணாமல் விட்டிருந்த புற்று, கிருமி எழுப்பிய இந்தக் கூச்சலால் கண்ணில் படுகிறது.

இது ஒரே முறையில் நடந்து முடிவதில்லை. முதல் வாரத்தில் உடல் அறிமுகம் பெறுகிறது. அடுத்தடுத்த வாரங்களில் எதிர்வினை வேகமாகவும் கடுமையாகவும் வருகிறது. ஆகவே நான்காம், ஐந்தாம் வாரங்களில் எரிச்சல் கூடினால் அதில் வியப்பில்லை.

ஆறு வாரங்கள்

இரண்டாவது சுரண்டல் முடிந்து நான்கு வாரம் கழித்துத் தொடங்கினோம். புண் ஆறுமுன் விட்டால் கிருமி இரத்தத்துக்குள் போகலாம். ஒவ்வொரு முறையும் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகப் பையைக் காலி செய்து, 50 மில்லி உப்புநீரில் கலந்த மருந்தை மெதுவாக விட்டு, கதீட்டரை எடுத்துவிடுவோம். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். அதன்பிறகு ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்தபடிதான் சிறுநீர் கழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

முதல் இரண்டு வாரமும் சிரமமில்லை. மூன்றாம் வாரம் கதீட்டர் நுழையும்போது தடங்கி, இரத்தம் வந்தது. அன்று மருந்தை விடவில்லை. தயாராகக் கலந்து வைத்த மருந்து வீணானது. மகள் மிகவும் கலங்கினார். “ஒரு வாரம் விட்டுப்போனா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா சிஸ்டர்?” என்று செவிலியரிடம் கேட்டார். வேண்டியதில்லை. ஒரு வாரம் தள்ளினால் பலன் கெடாது. கீறல் பட்ட பாதையில் உயிருள்ள கிருமியை விட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். இதில் தயங்க ஒன்றுமில்லை. அடுத்த வாரம் வேறு முனையுள்ள கதீட்டர் எளிதாகப் போனது.

நான்காம் முறை அன்று இரவு 38.1 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், உடல்வலி, அரை மணிக்கொரு முறை சிறுநீர். பாராசிட்டமாலில் விடிவதற்குள் தணிந்தது. ஆனால் எரிச்சல் மூன்று நாள் நீடித்தது. வீட்டுக்குப் பக்கத்தில் சிறுநீர்ச் சோதனை செய்தார்கள். அறிக்கையில் ‘சீழ் அணுக்கள் ஏராளம்’ என்று வந்தது. அதைப் பார்த்த ஒரு மருத்துவர் தொற்று என்று லெவோஃப்ளாக்சசின் எழுதிக்கொடுத்தார். முதல் மாத்திரையைப் போடும் முன் மகள் எங்களுக்குப் போன் செய்தார்.

அந்தப் போன் இந்தச் சிகிச்சையின் போக்கையே காத்தது என்று நினைக்கிறேன். சீழ் அணுக்கள் என்று ஆய்வகம் எழுதுவது வெள்ளை அணுக்களைத்தான். அவை வருவதற்காகத்தானே மருந்தே விடுகிறோம்! பிசிஜி பெறுபவரின் சிறுநீரில் அவை இருப்பதை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவு செய்யக் கூடாது. லெவோஃப்ளாக்சசின் இருக்கும் ஃப்ளூரோகுவினோலோன் குடும்பம் மைக்கோபாக்டீரியாவையும் தாக்கும். பைக்குள் வேலை செய்யும் பிசிஜியை அது கொன்றுவிடலாம். சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பினோம், கிருமி வளரவில்லை. பைத் தசையைத் தளர்த்தும் மாத்திரை மட்டும் கொடுத்தோம். ஐந்தாவதையும் ஆறாவதையும் எரிச்சலோடுதான் முடித்தார். ஆனால் முடித்தார்.

மூன்றாம் மாதச் சோதனை

கட்டி திரும்பவில்லை. பின்சுவரில் மட்டும் ஒரு சிவந்த திட்டு. மனைவியின் முகம் வாடிவிட்டது. முதல் முறை கண்டதும் சிவந்த திட்டுதானே. பிசிஜிக்குப் பிறகு அழற்சியும் அதே நிறத்தில்தான் தெரியும் என்று சொல்லி, பயாப்சி எடுத்தோம். சிறுநீரில் புற்றுச் செல் தேடும் சோதனையும் செய்தோம்.

இரண்டிலும் புற்று இல்லை. திட்டில் இருந்தவை கிரானுலோமாக்கள்: மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும் கிருமியைச் சூழ்ந்து கட்டிய சிறு முடிச்சுகள். எதிர்ப்பு மண்டலம் அங்கே வந்து போன தடம் அது. இதை மட்டும் வைத்து நோய் திரும்பாது என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னோம்.

அடுத்தது பராமரிப்புச் சிகிச்சை. டொனால்ட் லாம் தலைமையில் நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2000இல் வந்தது. முதல் ஆறோடு நிறுத்தியவர்களைவிட, 3, 6, 12, 18, 24, 30, 36ஆம் மாதங்களில் மும்மூன்று வாரம் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. அந்த அட்டவணையைத் தொடங்கினோம். மூன்றாம் மாதத்து மூன்றும் நல்லபடியாக முடிந்தன.

ஆறாம் மாதத்துக் காய்ச்சல்

ஆறாம் மாதத் தொகுப்பில் இரண்டாவது தவணை. கதீட்டர் சிக்கலில்லாமல் போனது. இரவு காய்ச்சல் வந்தது. “இது எப்பவும் வர்றதுதானே” என்று படுத்துக்கொண்டார். மறுநாள் நடுக்கம், 39.4 டிகிரி. மூன்றாம் நாள் காலையும் இறங்கவில்லை, சாப்பிடவே இல்லை. வெப்பத்தை நேரம் போட்டு எழுதி வைத்திருந்த மனைவி, 38.5க்கு மேல் இரண்டு நாள் தாண்டினால் வரச் சொன்னதை நினைவில் வைத்து அழைத்து வந்தார்.

எங்கள் முன் இரண்டு சாத்தியங்கள். கதீட்டரால் வந்த சாதாரண பாக்டீரியாத் தொற்று இரத்தத்தில் பரவியிருக்கலாம். அல்லது பிசிஜியே பரவியிருக்கலாம். கல்லீரல் நொதிகள் இயல்பைப் போல மூன்று மடங்கு இருந்தன. அது இரண்டாவதைச் சுட்டியது. ஆனால் முதலாவதைத் தள்ளிவிட முடியாது. மைக்கோபாக்டீரியா கல்ச்சரில் வளர வாரக்கணக்கில் ஆகும்; காத்திருக்க வழியில்லை. ஆகவே இரத்தம், சிறுநீர் மாதிரிகளை எடுத்த கையோடு இரண்டுக்குமே மருந்து தொடங்கினோம்: பொதுவான ஆன்டிபயாட்டிக்கோடு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், எதாம்ப்யூட்டால். காசநோயில் வழக்கமாகச் சேர்க்கும் பைரசினமைடைச் சேர்க்கவில்லை. மைக்கோபாக்டீரியம் போவிஸ் இயல்பிலேயே அதற்கு அடங்காது. காய்ச்சலில் கிருமியின் பங்கைப் போலவே உடலின் மிகை எதிர்வினைக்கும் பங்கு உண்டு என்பதால், மூன்றாம் நாள் குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டும் சேர்த்தோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது.

சாதாரணக் கல்ச்சரில் எதுவும் வளராததால் பொது ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தினோம். மைக்கோபாக்டீரியா கல்ச்சரும் பல வாரம் கழித்து எதிர்மறையாகவே வந்தது. அப்படி வருவதாலேயே பிசிஜி பரவல் இல்லை என்று ஆகிவிடாது. மூன்று மருந்துகளையும் ஆறு மாதம் தொடர்ந்தோம். ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை என்பதால் கல்லீரல் சோதனையை அடிக்கடி செய்தோம்; எதாம்ப்யூட்டாலுக்காகக் கண் பார்வையும் நிறம் பிரித்தறிவதும் பார்க்கப்பட்டன. ரிஃபாம்பிசின் இரத்த அழுத்த மாத்திரையின் வேகத்தைக் குறைத்ததால் அதன் அளவை மாற்ற வேண்டியிருந்தது.

ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சுச் சிவப்பாக்கும் என்பதை முதல் மாத்திரைக்கு முன்பே அவரிடமும் மனைவியிடமும் சொன்னோம். சிவந்த சிறுநீரில் தொடங்கிய நோய் இது. சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வீட்டில் அன்றிரவு யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

அதன்பின்

பிசிஜியை நிரந்தரமாக நிறுத்தினோம். பாதியில் நிறுத்தியதால் எல்லாம் போய்விட்டதா என்று குடும்பம் கேட்டது. அவர் பெற்றது மொத்தம் 11 தவணை. தொடக்க ஆறில் ஐந்தும், பராமரிப்பில் இரண்டும் பெற்றாலே போதிய பிசிஜி என்று கணக்கிடுவார்கள். அதற்கு மேலேயே பெற்றிருந்தார். இன்னும் பெற்றிருந்தால் பாதுகாப்பு கூடியிருக்கலாம். ஆனால் இப்படியொரு காய்ச்சலுக்குப் பிறகு மறுபடி கொடுப்பதை நியாயப்படுத்த முடியாது.

இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கொரு முறை சிஸ்டோஸ்கோப்பியும் சிறுநீர்ச் செல் சோதனையும் நடந்தன. இப்போது முப்பது மாதம் ஆகிறது, புற்று இல்லை. பையின் கொள்ளளவு கொஞ்சம் குறைந்திருக்கிறது, இரவில் இரண்டு முறை எழுகிறார். புகையைத் தொடவில்லை. சோதனை இனி ஆறு மாதத்துக்கொரு முறை, ஐந்தாம் ஆண்டுக்குப் பின் ஆண்டுக்கொரு முறை. குணமாகிவிட்டது என்ற சொல்லை நாங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை. இந்தப் பிரிவில் நோய் ஆண்டுகள் கழித்தும் திரும்பலாம். திரும்பினால் முதல் பரிந்துரை, அன்று பேசி எழுதியதுபோல, பையை எடுக்கும் அறுவைதான். அறுவைக்கு இயலாதவர்களுக்கும் விரும்பாதவர்களுக்கும் அமெரிக்காவில் நோய் எதிர்ப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து 2020இலும், பைக்குள் விடும் வேறு சில மருந்துகள் 2022 முதலும் அனுமதி பெற்றிருக்கின்றன.

நடைமுறையில் மாற்றியவை

எங்கள் அறிவுரைத் தாளில் ‘38.5க்கு மேல் 48 மணி நேரம்’ என்ற ஒரே வரம்பு இருந்தது. இப்போது நடுக்கத்தோடு வரும் காய்ச்சலுக்கும் 39.5ஐத் தொடும் காய்ச்சலுக்கும் மணிக்கணக்கே கிடையாது. உடனே வர வேண்டும். ‘லேசான காய்ச்சல் நல்ல அறிகுறி’ என்று சொல்வதையும் விட்டுவிட்டோம். அந்த வாக்கியத்தைக் கேட்டவர்கள் கடுமையான காய்ச்சலையும் பொறுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பதிலாக ‘ஒரு நாளில் தணியும் லேசான காய்ச்சல் எதிர்பார்த்ததுதான்’ என்கிறோம்.

முதல் தவணையின் உரையாடலில் நோயாளியோடு வீட்டில் இருக்கும் ஒருவரும் கட்டாயம் உட்கார வேண்டும். இந்த நிகழ்வில் இரண்டு முறையும் சரியான நேரத்தில் அசைந்தவர்கள் மகளும் மனைவியும்தான். காய்ச்சலில் கிடப்பவரால் தன் நிலையை எடைபோட முடிவதில்லை.

ஒவ்வொருவருக்கும் இப்போது ஓர் அட்டை தருகிறோம். சிறுநீர்ப்பைக்குள் உயிருள்ள பிசிஜி விடப்பட்டவர் என்பது, கடைசித் தவணையின் தேதி, வெள்ளை அணுக்களை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்பது, விளங்காத காய்ச்சலென்றால் எந்த எண்ணில் அழைப்பது என்பது அதில் இருக்கும். சிகிச்சை முடிந்த பிறகும் அதை வைத்திருக்கச் சொல்கிறோம். பிசிஜி சில சமயம் மாதங்களோ ஆண்டுகளோ கழித்து விதைப்பை மேல்குழாயிலும் முதுகெலும்பிலும் தலைகாட்டும். அப்போது முதுகுவலிக்காக வேறொரு மருத்துவர் முன் உட்கார்ந்திருப்பவர், பழைய சிறுநீர்ப்பைச் சிகிச்சையைப் பற்றித் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.